தங்கக்கையும் ஏறுவினையும்

ஓர் இளைஞனின் உடலின்மேல் ஊரோ அணியோ குடும்பமோ தன் நம்பிக்கை முழுவதையும் ஏற்றிவைக்கும்போது, அந்த உடலுக்கு நேரும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்னும் கேள்வியை, ஊழ் என்றும் வினை என்றும் விரிவாகப் பேசிய தமிழ்ச் சமய மரபு எளிதில் தட்டிக்கழிக்க முடியாது. காரியாபட்டி, திருச்சுழி, அருப்புக்கோட்டை ஆகிய வானம் பார்த்த பூமியில் இக்கேள்விக்குத் தனி அழுத்தம் உண்டு. காரியாபட்டியிலிருந்து மதுரைக்குச் செல்லும் வழியில் ஏறுதழுவுதலுக்குக் காளைகள் பாய்ந்துவரும் அவனியாபுரத்தின் வாடிவாசல் இருக்கிறது. தென்கிழக்கே திருச்சுழியில், விளையாட்டில் வெல்லும் கையுடையவன் என்று பெயரெடுத்துப் பின்னர் அந்தப் பெயரையே உதறிச்சென்ற ஒருவர் பிறந்தார்.

1879 டிசம்பர் 30 அன்று அவ்வூரில் பிறந்த வேங்கடராமன், அதாவது பிற்காலத்து ரமண மகரிஷி, தந்தை சுந்தரமய்யர் 1892இல் மறைந்தபின் தமையன் நாகசாமியுடன் மதுரையில் சிற்றப்பா சுப்பையர் வீட்டில் தங்கி, அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பாடத்தைவிடக் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் நீச்சலிலும் நாட்டம் மிகுந்திருந்த அவர் சேர்ந்த அணியே எப்போதும் வென்றதால், தோழர்கள் அவரைத் ‘தங்கக்கை’ என்று அழைத்தனர். அப்பளம் இடுவது போன்ற வேலைகளைத் தொடங்குகையில் அவருடைய கையை முதலில் வைக்கச் சொல்லும் வழக்கம் சிற்றன்னைக்கும் இருந்ததாக ஆசிரம நூல்கள் குறிப்பிடுகின்றன. இது அன்பின் வெளிப்பாடுதான். ஆயினும் ஒருவனுடைய திறமை பிறருடைய ராசியாக மாறிவிட்டால், அவன் தோற்கும் நாளில் அது அவனுடைய குற்றமாகவும் மாறும் என்பதை அன்பு செலுத்துவோர் எண்ணிப் பார்ப்பதில்லை.

அமெரிக்கக் கால்பந்தில் இந்த நிலை ஒரு முறைமையாகவே ஆகியிருக்கிறது. அங்கே ‘குவார்ட்டர்பேக்’ எனப்படுபவர், தம் அணி முன்னேற முயலும் ஒவ்வொரு நகர்வின் தொடக்கத்திலும் பந்தைப் பெற்று, அதை எறிவதா, பிறரிடம் கொடுப்பதா, தாமே கொண்டு ஓடுவதா என்று சில நொடிகளுக்குள் முடிவெடுக்கும் வீரர். எதிரணியின் தாக்குதல் பெரும்பாலும் அவரை நோக்கியே வருகிறது. கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுக்கும்போது முந்திய ஆண்டில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்புத் தரப்படுவதால், மிகச் சிறந்த இளம் குவார்ட்டர்பேக் பல வேளைகளில் தம்மைக் காக்க வேண்டிய, ஆனால் மிக நலிந்த காவல் வரிசைக்குப் பின்னே போய் நிற்கிறார். 2002இல், புதிய அணி என்பதால் அந்த முதல் வாய்ப்பைப் பெற்ற ஹூஸ்டன் டெக்சன்ஸ் தேர்ந்தெடுத்த டேவிட் கார், அந்த ஒரு பருவத்தில் மட்டும் 76 முறை எதிரணியினரால் தரையில் வீழ்த்தப்பட்டார். வினைவலி, தன்வலி, மாற்றான்வலி, துணைவலி என்று வள்ளுவர் எடைபோடச் சொன்ன நான்கில் கடைசியானதை எவரும் எடைபோடாமல், எதிர்பார்ப்பையே துணை என்று எண்ணிக்கொண்டதன் விளைவு அது.

மதுரை வட்டாரத்து ஏறுதழுவுதலில் அணியும் இல்லை, காவல் வரிசையும் இல்லை. தேங்காய் நார் பரப்பிய களத்தில் வண்ணப் பனியன் அணிந்த இளைஞர்கள் சுற்றுச் சுற்றாக இறக்கப்படுகின்றனர். வாடிவாசலிலிருந்து பாயும் காளையின் திமிலை ஒருவர் மட்டுமே பற்றி, மூன்று துள்ளல்களோ குறித்த தொலைவோ தாக்குப்பிடித்தால் அவர் வென்றவர். ஒலிபெருக்கி காளையின் ஊரையும் உரிமையாளரின் பெயரையும் முழங்கி, முடிந்தால் பிடித்துப் பார் என்று சவால் விடுகிறது. அதிக மாடு பிடித்தவருக்குக் கார் வரை பரிசு உண்டு. முல்லைக்கலி காட்டும் பழைய உலகில் பரிசு பெண்ணாக இருந்தது. எதிர்பார்ப்பின் வடிவம் மாறியிருக்கிறதே தவிர, கொம்பின் கூர்மை மாறவில்லை. 2014 மே 7 அன்று உச்சநீதிமன்றம் இவ்விளையாட்டுக்கு விதித்த தடையிலிருந்து, 2017 சனவரிப் போராட்டமும் சட்டத்திருத்தமும் கடந்து, அதை அனுமதித்த 2023 மே 18 தீர்ப்பு வரை நாடு முழுவதும் நடந்த வாதத்தில் காளையின் வலி பெரிதும் பேசப்பட்டது. மாடுபிடி வீரனின் விலா எலும்பு ஓரமாகவே நின்றது. காளையை நேசித்தவர்களும் பண்பாட்டை நேசித்தவர்களும் இந்த ஒன்றில் ஏறத்தாழ ஒத்துப்போனார்கள் என்பது விந்தைதான்.

குத்துப்பட்டவன் வீட்டில் சொல்லப்படும் ஆறுதல் பெரும்பாலும் ‘தலையெழுத்து’ என்பதாகவே இருக்கும். அதற்குச் சமயத்தில் இடமுண்டு. 1898 டிசம்பரில், திருவண்ணாமலைப் பவழக்குன்றில் இருந்த மகனை வீட்டுக்கு அழைக்க வந்த தாய் அழகம்மாளுக்கு, ரமணர் வாய் திறவாமல் ஒரு தாளில் எழுதித் தந்த மறுமொழி, அவரவர் பிராரப்தப்படியே யாவும் நடக்கும், எவ்வளவு முயன்றாலும் அதை மாற்ற இயலாது என்னும் பொருளுடையது. பிராரப்தம் என்பது முன்பு ஈட்டிக் குவித்த தொல்வினையிலிருந்து இப்பிறவியில் அனுபவிப்பதற்கென வந்த பகுதி. சைவ சித்தாந்தம் இதனை நுகர்வினை என்றும், அதை நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவதை ஏறுவினை என்றும் பிரிக்கிறது. பலரும் இந்தப் பகுப்பின் முதற்பாதியோடு நின்றுவிடுகின்றனர். கொம்பு கிழித்த காயம் வீரனுடைய நுகர்வினை என்றே கொண்டாலும், அவனை உசுப்பிவிட்ட குரலும், பரிசு அறிவித்த கையும், வேடிக்கை பார்த்த கண்ணும் செய்தவை அவரவருடைய ஏறுவினை. காயம்பட்டவனுக்கு ஆறுதல் தரும் அதே கோட்பாடு, மேடையில் இருப்பவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது.

அவனாகத்தானே இறங்கினான், யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்பர். இது வலுவான மறுப்பு; துணிவே கூடாதென்று இளமைக்கு வேலி கட்டுவதும் அறமாகாது. ரமணரே பதினாறு வயதில், எதிர்பார்ப்புகளின் நடுவிலிருந்து பெரும் ஆபத்தை நோக்கிப் போனவர். 1896 சூலையில் மரண அனுபவம் வாய்த்தபின் விளையாட்டில் பற்றற்றுப்போய், ஆகஸ்ட் 29 அன்று இலக்கணப் பாடத்தை மூன்று முறை எழுதும் வேலையை இடையில் நிறுத்திவிட்டுத் தியானத்தில் அமர்ந்ததைத் தமையன் கடிந்துகொள்ள, அந்தத் தமையனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, மிச்சம் இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டு வெளியேறினார். திருவண்ணாமலைப் பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் அரித்துத் தொடைகள் புண்ணானபோதும் அவர் எழவில்லை. ஆனால் அந்தப் புண்ணால் எவருக்கும் ஆதாயம் இல்லை. அதற்குச் சீட்டு விற்றவரும் இல்லை, கைதட்டியவரும் இல்லை. ஒருவன் தனக்கென ஏற்கும் துன்பத்துக்கும், பிறருடைய மகிழ்ச்சிக்காக அவன் ஏற்கும் துன்பத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. பின்னதில் அவனுடைய சம்மதம் மற்றவர்களின் பொறுப்பைக் கழித்துவிடாது. துறந்து போனதற்கும் விலை உண்டு: படிப்பும் குடும்பமும் தோளில் விழுந்த நாகசாமி 1900இல் இறந்தார். அந்தச் சுமையைப் பற்றி வரலாறு எழுதியவர்கள் அதிகம் சொல்லவில்லை.

ஆகவே எதிர்பார்க்கும் உரிமை வேண்டுவோர் இழப்பிலும் பங்கேற்க வேண்டும். களத்தில் மருத்துவர் குழுவும் இரட்டைத் தடுப்பும் இருப்பது தேவைதான்; ஆனால் அவை விழா நடக்கும் ஒரு பகலுக்கானவை, காயம் ஆறும் மாதங்களுக்கானவை அல்ல. விழாக் குழுக்களும் பரிசு வழங்கும் புரவலர்களும் வரும் தை மாதத்துக்கு முன்பே பரிசுத் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, காயம்பட்ட வீரர் மீண்டும் வேலைக்குப் போகும் வரை அவர் வீட்டுச் செலவை ஏற்பதென எழுத்தில் உறுதி தரட்டும்.