யாரும் காணாத கடமை

கடமைகள் இருவகைப்படும். செய்யத் தவறினால் அன்றே காட்டிக்கொடுத்துவிடும் கடமை ஒன்று. தவறினும் நெடுநாள் வாய்திறவாத கடமை மற்றொன்று. முன்னதைச் செய்விக்க அச்சம் போதும். பின்னதைச் செய்ய மனச்சான்று வேண்டும். மனிதனின் நேர்மைக்கு உரைகல்லாக அமைவது பின்னதே. இதனை விளக்கப் பெரிய வரலாறுகளைத் தேட வேண்டுவதில்லை. ஒரு சிறு மகிழுந்தின் இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீரை மாற்றுகின்ற எளிய பணியே போதும்.

1994ஆம் ஆண்டு மலேசியச் சாலைகளுக்கு வந்த பெரொடுவா கஞ்சிலை எடுத்துக்கொள்ளலாம். சருகுமானின் பெயர் தாங்கிய அச்சிறு வண்டி, எளிய குடும்பங்கள் பலவற்றின் முதல் மகிழுந்தாயிற்று. 2009ஆம் ஆண்டோடு அதன் உற்பத்தி நின்றது. ஆயினும் கைமாறிக் கைமாறி இன்றும் பல வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவ்வண்டியில் எரியும் பெட்ரோலின் வெப்பத்தில் ஒரு சிறு பங்கே சக்கரத்தைச் சுழற்றுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதி புகையோடு போக, மற்றொரு பகுதியைக் குளிர்விப்பு நீர் சுமந்து சென்று ரேடியேட்டர் வழியே காற்றில் விடுகிறது.

அது வெறும் நீரன்று. எத்திலீன் கிளைகோல் என்னும் நீர்மமும், அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் அதில் கலந்துள்ளன. குளிர்நாடுகளில் அக்கலவை உறையாமற் காக்கிறது. பனியையே காணாத நாட்டில் அதற்கென்ன வேலை என்று கேட்டு, குழாய் நீரை ஊற்றிச் செல்வோர் உளர். வெப்ப நாட்டிலும் அதற்கு வேலை உண்டு. சரிபாதி கலந்த கலவை திறந்த நிலையிலேயே ஏறத்தாழ 107 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். மூடியின் அழுத்தம் கொதிநிலையை மேலும் உயர்த்தும். இரும்பும் அலுமினியமும் அரிக்கப்படாமல் இருப்பதும் அக்கலவையால்தான். ஆனால், அரிப்பைத் தடுக்கும் ஆற்றல் ஆண்டுகள் செல்லச் செல்லக் குன்றிவிடும். நீரின் பச்சையோ சிவப்போ அப்படியே இருக்கக் கூடும். நிறம் இருக்கும், காவல் இராது.

இங்கேதான் அறவினா எழுகிறது. நீரை மாற்றத் தவறியவரின் வண்டி மறுநாளும் ஓடும். மறு ஆண்டும் ஓடும். உரிய காலத்தில் மாற்றியவர் செலவு செய்தார். மாற்றாதவர் மிச்சம் பிடித்தார். உலகின் கண்ணுக்கு இரண்டாமவரே கெட்டிக்காரராகத் தோன்றுவார். பின்னொரு நாள் கேமரன் மலைக்கு ஏறும் வழியில் இயந்திரம் கொதித்து, சிலிண்டர் தலை வளைந்துவிடுகிறது. அப்பொழுது வண்டியை ஓட்டிக்கொண்டிருப்பவர் அதனைச் சேமிப்புப் பணத்தில் வாங்கிய மூன்றாமவராக இருக்கக் கூடும். தவறு ஒருவருடையது; தண்டனை வேறொருவருக்கு. “எனக்கு ஒன்றும் நேரவில்லையே” என்பது குற்றமின்மைக்குச் சான்றாகாது. தீங்கு தம்மைக் கடந்து சென்றுவிட்டது என்பதற்கே அது சான்றாகும்.

பட்டறைத் தொழிலாளியின் நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இயந்திரம் நன்கு ஆறும்வரை அவர் காத்திருக்க வேண்டும்; சூட்டோடு மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தைச் சுட்டுவிடும். பழைய நீரை வடித்து, உட்புறத்தை அலசி, புதிய கலவையை மெல்ல ஊற்ற வேண்டும். பின்னர் இயந்திரத்தை ஓடவிட்டு, தெர்மோஸ்டாட் திறந்து, உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும்வரை நின்று பார்த்து, குறைந்த அளவை நிரப்ப வேண்டும். உள்ளே காற்று தங்கினால், நிறைந்ததுபோல் தோன்றும் நீரே ஓட்டம் தடைபட்டு இயந்திரத்தைக் கெடுக்கும். அவர் காத்திருந்தாலும் காத்திராவிட்டாலும் கூலி ஒன்றுதான். வண்டிக்காரருக்கு வேறுபாடு தெரியாது. பின் ஏன் காத்திருக்க வேண்டும்?

வாடிக்கை போய்விடும் என்னும் அச்சம் ஒரு விடை. நற்பெயரால் வரும் ஊதியம் மற்றொரு விடை. இரண்டும் குறையுடையவை, அகப்படமாட்டோம் என்னும் துணிவு வந்தவுடன் இரண்டும் வலுவிழந்துவிடும். நிலைத்து நிற்கும் விடை ஒன்றே: சோதித்தறிய இயலாதவர் தம்மையே ஒப்படைக்கிறார். அவருடைய அறியாமை எவ்வளவு பெரிதோ, அவ்வளவு பெரிது அவரிடம் காட்ட வேண்டிய நேர்மை.

வறுமையால் மாற்ற இயலாதவரும் குற்றவாளியா என்று சிலர் வினவுவர். இல்லை. இயலாமை வேறு, அலட்சியம் வேறு. அவசரத்திற்கு நல்ல நீரை ஊற்றி ஓட்டுபவர் பழிக்குரியவர் அல்லர். ஆயின், அவ்வண்டியை விற்கும்போது உண்மையைச் சொல்லாது மறைத்தால், அங்கே வறுமை முடிந்து வஞ்சகம் தொடங்குகிறது. உண்மை பேசுவதற்குப் பணம் வேண்டுவதில்லை.

வடித்த பழைய நீருக்கும் ஓர் அறம் உண்டு. எத்திலீன் கிளைகோல் இனிக்கும் நஞ்சு. தரையில் தேங்கிய அதனை நக்கிய நாயும் பூனையும் சிறுநீரகம் கெட்டு மடியும். சாக்கடையில் கொட்டினால் அது ஆற்றைச் சேரும். நீர்நிலைகளை மாசுபடுத்துவதை 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் குற்றமாக்கியுள்ளது. ஆயினும், பட்டறையின் பின்சந்து ஒவ்வொன்றிலும் சட்டம் காவல் நிற்க இயலுமா? மூடிய கலத்தில் அதனைச் சேர்த்து, முறையாக அகற்றுவோரிடம் ஒப்படைப்பவருக்கு மனச்சான்றே காவல்.

பட்டறைக்குப் பொருந்துவது பள்ளிக்கும் பொருந்தும். ஆசிரியர் பாடத்தை ஆயத்தம் செய்து வந்தாரா என்பதை முதலாம் வகுப்புக் குழந்தை அறியாது. அடிப்படை எழுத்தும் எண்ணும் சரிவரப் பதியாத பிள்ளை அவ்வாண்டு தேறியும் விடலாம். குறை வெளிப்படுவது பல ஆண்டுகளுக்குப் பின்னர், வேறோர் ஆசிரியரின் வகுப்பில், துன்புறுவது அப்பிள்ளை. மாணவருக்கும் இதுவே நீதி. தேர்வாளர் காணாத நாளில் படித்த படிப்பே பிற்காலத்தில் துணை நிற்கும்.

பாராட்டுவோர் இல்லாத இடத்தில் பணி முழுமை பெறுமானால், அச்சமுதாயத்தில் ஒருவரையொருவர் நம்பி வாழலாம். மூடிக்குள் இருப்பதை யாரும் காண்பதில்லை; ஆயினும் மலையேற்றத்தில் வண்டியைக் காப்பது அதுவே.