பொழுதுபோக்கும் காலக்ஷேபமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

'காலக்ஷேபம்' என்னும் சொல்லுக்கு நேர்ப்பொருள் காலத்தைக் கழித்தல் என்பதே. உலக வழக்கில் பிழைப்பு நடத்துவதையும், வெறுமனே பொழுதைத் தள்ளுவதையும் இச்சொல்லால் குறிப்பர். நம் பூர்வாசார்யர்களோ, ஆசார்யன் திருவடிவாரத்தில் அமர்ந்து க்ரந்தங்களின் ஆழ்பொருளைக் கேட்பதற்கு இப்பெயரை இட்டருளினார்கள். காலம் எப்படியும் கழியும். அது எதனோடு கழிகிறது என்பதே நாம் கருத வேண்டுவது என்று இப்பெயரே நமக்கு உணர்த்துகிறது.

திருமழிசைப்பிரான், நான்முகன் திருவந்தாதியின் 63ஆம் பாசுரத்தில், தாம் பொழுது போக்கிய வகையைத் தாமே வெளியிட்டருளுகிறார். எம்பெருமான் விஷயத்தை எழுதுவது, படிப்பது, செவிமடுப்பது, அவனைத் தொழுது ஆராதிப்பது ஆகியவையே அவருக்குப் பொழுதுபோக்காயின. ஆழ்வாருக்கும் போக்க வேண்டிய பொழுது இருந்தது. அதைப் போக்கிய விதத்தாலேயே நமக்குப் பிரபந்தம் கிடைத்தது.

பாஞ்சராத்ர சாஸ்த்ரம் ஒரு நாளை அபிகமனம், உபாதானம், இஜ்யை, ஸ்வாத்யாயம், யோகம் என ஐந்து காலமாகப் பகுக்கிறது. திருவாராதனத்துக்கு வேண்டிய பொருளைத் தேடுவது உபாதானம். நாம் அலுவலகம் சென்று பொருளீட்டியதையும் இவ்வெண்ணத்தோடு செய்திருந்தால் அதில் அடக்கலாம். பணி ஓய்வு பெற்றபின் அந்த உபாதான காலம் பெருமளவு விடுபடுகிறது. அப்படி விடுபட்ட நாழிகைகளுக்கு ஸ்வாத்யாயமே முதல் உரிமையாளர். ஆறாவதாக 'வெறும் பொழுது' என்று ஒரு பகுதியைச் சாஸ்த்ரம் வகுக்கவில்லை.

'எமக்கு ஓய்வே இல்லையே' என்று வெளிநாடுகளில் பணிபுரியும் இளைய அடியார்கள் கேட்கக்கூடும். நம்பிள்ளை திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குப் பொருள் அருளிச்செய்ய, வடக்குத் திருவீதிப்பிள்ளை பகலில் அதைக் கேட்டு, இரவில் ஓலைப்படுத்தினார். அதுவே ஈடு முப்பத்தாறாயிரப்படி. பிறர் உறங்கிய வேளையில் ஒரு சிஷ்யர் விழித்திருந்ததன் பயனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம்.

நமக்கு அத்தனை ஆற்றல் இல்லை என்று பின்வாங்கவும் இடமில்லை. எம்பெருமானார் தம் இறுதி நாள்களில் சிஷ்யர்களுக்கு ஆறு வழிகளைக் காட்டியருளினார். ஸ்ரீபாஷ்யத்தைக் கற்றுக் கற்பிப்பது. இயலாதேல் அருளிச்செயலை ஓதி ஓதுவிப்பது. அதுவும் இயலாதேல் திவ்யதேசங்களில் அமுதுபடி, சாத்துப்படி, திருவிளக்கு, திருமாலை முதலிய கைங்கர்யம் செய்வது. திருநாராயணபுரத்தில் ஒரு குடில் கட்டி வாழ்வது. த்வயத்தின் பொருளைச் சிந்தித்திருப்பது. எதுவுமே இயலாதவர் ஒரு ஸ்ரீவைஷ்ணவருடைய அபிமானத்தில் ஒதுங்கியிருப்பது. படுக்கையில் கிடப்பவருக்கும் எட்டும் படி ஒன்று இதில் உண்டு.

வங்கிப் பணியில் பல்லாண்டு இருந்த நமக்குக் கணக்காகச் சொன்னால்தான் ஒன்று மனத்தில் பதிகிறது. திருவாய்மொழியில் உள்ளவை 1102 பாசுரங்கள். நாளொன்றுக்கு ஒரு பாசுரம் பொருளோடு கற்றால், மூன்று ஆண்டும் ஏறத்தாழ ஒரு வாரமும் போதும். வைப்புநிதியில் இட்ட தொகை நாம் உறங்கினாலும் வட்டி சேர்க்கும். பயன்படாத நாழிகையோ மறுநாளின் தொடக்க இருப்பில் ஏறுவதில்லை. மேலும், காலக் கணக்கில் எடுத்தது தெரிகிறதேயன்றி, மீதம் காட்டும் பாஸ்புக் யாரிடமும் இல்லை.

கண்ணும் செவியும் நினைவும் ஒவ்வொன்றாக விடைபெறும் என்பதை அறிந்தே, பெரியாழ்வார் தம் அந்திமக் காலத்துக்கான விண்ணப்பத்தை முன்கூட்டியே திருவரங்கனிடம் சமர்ப்பித்து வைத்தார். 'பேரன் படிப்பு முடியட்டும், வீட்டு வேலை முடியட்டும்' என்று நாம் தள்ளிவைப்பது, நம் உடைமையல்லாத ஒன்றைத் தள்ளிவைப்பதாகும். ஆத்மாவே எம்பெருமானுக்குச் சேஷமாயிருக்க, அதன் ஓய்வு நேரம் மட்டும் நமக்குச் சொந்தமாவது எங்ஙனே? பிறர் வைப்பைக் காப்பவர் அதை உரியவரிடம் சேர்ப்பதுபோல, இந்நாழிகைகளையும் அவனிடமே சேர்ப்போம். இன்று மாலை ஒரு பாசுரமும் அதன் வ்யாக்யானமும் போதும். நாளைக்கு அடுத்த பாசுரம் காத்திருக்கிறது.

ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்.