பெட்டக அறையில் ஆட்டம்

பெர்லினில் 'ட்ரெசோர்' என்று ஓர் இரவு விடுதி இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெட்டகம் என்று பொருள். அழகுக்காக வைத்த பெயரல்ல. 1991 மார்ச்சில் டிமிட்ரி ஹேகமனும் நண்பர்களும் அதைத் திறந்த இடம், லைப்சிகர் வீதியில் தரைக்கு அடியில் கிடந்த உண்மையான பெட்டக அறை. தடித்த சுவர்கள், துருவேறிய கம்பிகள், வரிசை வரிசையாகப் பாதுகாப்புப் பெட்டிகள். பெர்லின் சுவர் விழுந்து ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இளைஞர்கள் அந்த நிலவறையில் ஒன்றாக நின்று, டெட்ராய்ட்டின் கறுப்பினக் கலைஞர்கள் உருவாக்கிய டெக்னோவுக்கு விடிய விடிய ஆடினார்கள். ஜெர்மனி ஒன்றுபட்ட கதையைச் சொல்பவர்கள் இந்தக் காட்சியை ஆசையோடு சொல்வார்கள்.

பெட்டகம் யாருடையது என்ற இடத்தில் மட்டும் கதை கொஞ்சம் வேகமெடுத்துவிடும்.

அது வெர்ட்ஹைம் என்ற யூதக் குடும்பத்தின் பல்பொருள் அங்காடி. ஆல்ஃபிரட் மெஸ்ஸல் வடிவமைத்து 1897இல் திறந்தது. ஐரோப்பாவின் மிகப் பெரிய கடைகளில் ஒன்று. நாஜி ஆட்சியில் குடும்பம் படிப்படியாக அதிலிருந்து வெளியேற்றப்பட்டது, கடையின் பெயரும் மாற்றப்பட்டது. ஜார்ஜ் வெர்ட்ஹைம் 1939இன் கடைசி நாளில் இறந்தார். கட்டடம் போரில் சிதைந்தது, 1950களில் இடிக்கப்பட்டது, பிறகு அந்தப் பக்கம் சுவரின் எல்லைப் பகுதியாகிப் பாழ் விழுந்தது. அடியில் பெட்டக அறை மட்டும் மிஞ்சியது.

ஒரு குடும்பத்திடமிருந்து பறிக்கப்பட்ட இடத்தில் ஆடலாமா?

ஆடுவதே அவமரியாதை என்று நாம் சொல்ல முடியாது. பாடைக்கு முன்னால் பறையடித்து ஆடுகிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் நாம். என் தாத்தாவை எடுத்துப்போன அன்று தெருமுனைவரை ஆட்டம்தான். துக்கம் என்றால் கைகட்டி நிற்பது என்பதை நான் ஐரோப்பாவுக்கு வந்து கற்றுக்கொண்டேன். ஆனால் அங்கே ஆடியவர்கள் எல்லோருக்கும் இறந்தவர் யாரென்று தெரியும். யாருக்காக ஆடுகிறோம் என்று தெரிந்த ஆட்டம் அது. 1991இல் அந்த நிலவறைக்குள் இறங்கிய இருபது வயதுக்காரர்களில் எத்தனை பேர் வெர்ட்ஹைமை நினைத்திருப்பார்கள்?

நான் அங்கே போனது பழைய இடத்துக்கல்ல. நிலம் கட்டுமானத்துக்கு விற்கப்பட்டதால் 2005இல் விடுதி மூடப்பட்டது. அந்த மனையில் 2014இலிருந்து ஒரு பெரிய மால் நிற்கிறது. விடுதி 2007 மே மாதம் கோப்பெனிக்கர் வீதியில் பழைய மின் நிலையம் ஒன்றின் அடியில் மறுபடி திறந்தது. பெட்டிகளையும் கம்பிகளையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான், பறிக்கப்பட்ட வெர்ட்ஹைம் சொத்துகளுக்காகக் கார்ஷ்டாட்குவெல்லே நிறுவனம் 88 மில்லியன் யூரோ தர ஒப்புக்கொண்டிருந்தது. பறித்து எழுபது வருடம் ஆகியிருந்தது.

என்னோடு வந்த நண்பர் மயிலிட்டிக்காரர். வேலை விஷயமாக இருவரும் ஒரு வாரம் பெர்லினில் இருந்தோம். வாசலில் கைப்பேசியின் கேமரா மேல் ஒட்டுத்தாள் ஒட்டினார்கள். நீண்ட சுரங்கப் பாதை வழியாக நடந்தால் புகையும் தாழ்ந்த கூரையும். கம்பிகளுக்குப் பின்னால் இசைப்பவர். விலா எலும்பு அதிர்ந்தது. நண்பர் என்னைவிட நன்றாக ஆடினார். நடுவில் துருப்பிடித்த பெட்டி வரிசைப் பக்கம் போய் ஒன்றின் விளிம்பைத் தடவியபடி கொஞ்சநேரம் நின்றார்.

அவருடைய குடும்பம் 1990இல் மயிலிட்டியை விட்டு வெளியேறியது. பிறகு அந்தக் கரையெல்லாம் உயர் பாதுகாப்பு வலயம். அம்மா காணி உறுதியை பிஸ்கட் டின்னில் வைத்து, எங்கே போனாலும் கொண்டுபோயிருக்கிறார். (நாங்கள் பத்திரம் என்பதை யாழ்ப்பாணத்தார் உறுதி என்கிறார்கள். எனக்கு அவர்கள் சொல்லே பிடித்திருக்கிறது.) பக்கத்தில் காங்கேசன்துறைக் கடலோரத்தில் இராணுவம் ஒரு விடுமுறை விடுதி நடத்துகிறது. சனங்கள் அகற்றப்பட்ட பகுதியில் உல்லாசப் பயணிகள் வந்து தங்குகிறார்கள், சாப்பிடுகிறார்கள், பாட்டும் போடுவார்களாயிருக்கும்.

வெளியே வந்ததும் நான் என் வாதத்தை அவரிடம் சொன்னேன். காதில் இன்னும் இரைச்சல், கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. இரண்டும் ஒன்றல்ல என்றேன். ட்ரெசோர் ஆட்கள் யாரையும் துரத்தவில்லை. அந்த நிலத்தைத் தமதென்று சொல்லவில்லை. வாடகைக்கு இருந்தார்கள், போகச் சொன்னபோது போனார்கள். வெர்ட்ஹைம் வாரிசுகளின் வழக்குக்கு அவர்களுடைய ஆட்டம் குறுக்கே நிற்கவில்லை. காங்கேசன்துறையில் அப்படியில்லை. அங்கே சந்தோஷத்துக்கே ஒரு வேலை இருக்கிறது. கதவிலக்கம் போட்டு, மெத்தை விரித்து, விருந்தாளியை உட்காரவைத்தால், இடம் எப்போதுமே இப்படித்தான் இருந்தது என்று ஆகிவிடுகிறது. துப்பாக்கி செய்ததை நீச்சலுடை முடித்துவைக்கிறது. மால்கூட ஒருவகையில் அதைத்தான் செய்கிறது. பளிங்குத் தரையில் நிற்பவனுக்குக் கேள்வியே எழாது. நிலவறையின் துருவாவது, இது என்ன பெட்டி என்று கேட்கவைக்கும்.

இதில் ஓர் ஓட்டை இருப்பதும் எனக்குத் தெரியும். பெயர்த்துக்கொண்டுபோன பெட்டி இன்று நினைவுப்பொருளா, அலங்காரமா? டிக்கெட் வாங்கி உள்ளே போனவன் நான். அந்தத் துரு எனக்கும் அழகாகத்தான் பட்டது. அழகாய்ப் பட்ட பிறகு கேள்வி கேட்கிறோமா என்றால், என்னைப் போல் ஆயிரத்தில் ஒருவர் கேட்கலாம், மற்றவர்கள் இன்னொரு பியர் வாங்குவார்கள். அதற்காக அவர்களைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் வரவில்லை. அறியாமல் ஆடுவதற்கும், அறிந்துகொள்ள விடாமல் ஆடவைப்பதற்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்பதோடு நான் நின்றுகொள்கிறேன்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தார். ஆற்றுப் பக்கம் வெளிச்சம் வரத் தொடங்கியிருந்தது. முதல் ரயிலுக்கு நேரமிருந்தது.

"நீங்கள் சொல்லுறது சரிதான்," என்றார். "ஆனா அந்த வெர்ட்ஹைம் ஆக்களிலை ஆராவது ஒரு நாள் இங்கை வந்து ஆடியிருப்பினமோ?"