பத்தாம் வகுப்பு போதும்

குரூப் 4 அறிவிப்பில் ஒரு வரி உண்டு. குறைந்தபட்சக் கல்வித் தகுதி: பத்தாம் வகுப்பு தேர்ச்சி. அதை நம்பித்தான் எங்கள் தெரு அக்கா ஒருவர் நூலகத்துக்கு வரத் தொடங்கினார். பத்தாவது முடித்ததும் கல்யாணம், அப்புறம் இரண்டு பிள்ளைகள். பி.இ. முடித்த நானும் அதே மேசையில் உட்கார்ந்து பள்ளிக்கூடப் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். தனிவட்டி, கூட்டுவட்டி வந்தால் நோட்டை என் பக்கம் நகர்த்துவார். "இது எப்படி வந்துச்சு தம்பி?"

2022 தேர்வுக்கு முதலில் அறிவித்தது 7,301 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். எனக்கு இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. அடிப்படைச் சம்பளம் 19,500. அக்காவுக்குக் கிடைக்கவில்லை.

"எல்லாருக்கும் ஒரே கேள்வித்தாள்தானே, நீ என்ன திருடினியா?" என்றான் நண்பன். கேள்வித்தாள் ஒன்றுதான். ஆனால் 200 கேள்விகளை மூன்று மணி நேரத்தில் முடிக்கிற பழக்கம் எனக்கு எங்கிருந்து வந்தது? நான்கு வருடக் கல்லூரி தந்தது. வேலைக்குப் பட்டம் தேவையில்லை என்கிறார்கள். வேலையை வாங்கிக் கொடுத்தது அந்தப் பட்டம்தான்.

அப்படியென்றால் பட்டதாரிகளைத் தடுத்துவிடலாமா? அப்படி விதி வைத்திருந்த ஒரு வங்கியில், பட்டத்தை மறைத்து பியூன் வேலைக்கு விண்ணப்பித்தவரின் வழக்கில், 2020-ல் உச்ச நீதிமன்றம் வங்கியின் பக்கம் நின்றது. அதைப் படித்தபோது முதலில் சரி என்றுதான் பட்டது. அப்புறம், குடும்பத்திலேயே முதல் ஆளாக பி.ஏ. முடித்து, வேறு வேலை கிடைக்காமல் இதை எழுத வருகிற பெண்ணை நினைத்தேன். 'நீ ஏன் படித்தாய்?' என்று அவளிடம் கேட்கிற விதி அது. என்னையும் கடன் வாங்கித்தான் படிக்க வைத்தார்கள். எனக்குப் பிடித்த கம்பெனி கதவு எதுவும் திறக்கவில்லை.

ஆகவே நான் தப்பு செய்யவில்லை. ஆனால் யாருக்கும் நஷ்டமில்லை என்று என்னால் சொல்ல முடியாது. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதை வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அக்காவிடம் ஒருநாள் இதைச் சொன்னேன். சிரித்தார். "நீ இல்லேன்னா இன்னொரு பி.இ. வந்திருப்பான். விடு."

அந்தப் பதிலில் எனக்கு ஆறுதல் கிடைக்கவில்லை. 'நான் எடுக்காவிட்டால் வேறொருவன் எடுப்பான்' என்பது எடுத்தவன் சொல்லும் சமாதானம். இழந்தவர் வாயிலிருந்து அது வந்தால் கேட்பவனுக்குத்தான் கூச்சம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். இது பரிகாரம் இல்லை. போன வாரம் கூட்டுவட்டியை என்னைக் கேட்காமலே போட்டுவிட்டு நிமிர்ந்தார். "அடுத்த நோட்டிபிகேஷன் எப்ப தம்பி?"