பழங் கணிகருவிகளும் ஏக்கத்தின் அறமும்

மனிதன் தான் கைவிட்ட கருவிகளின்பால் அன்பு கொள்ளும் இயல்பினன். பயன்பட்ட காலத்திற் சுமையெனக் கருதப்பட்ட பொருள், பயன் ஒழிந்த பின்னர் போற்றுதற்குரியதாகின்றது. எண்சட்டம், சிலேற்று, மடக்கை அட்டவணை, நழுவுகோல், துளையட்டைகளைக் கொண்டு இயங்கிய தொடக்ககாலக் கணனி என்பனவெல்லாம் இன்று இவ்வன்பைப் பெறுகின்றன. இது தீங்கற்றதொரு மனவுணர்ச்சி மட்டுந்தானா, அன்றி அறநோக்கில் ஆராய்தற்குரியதா என்பதே ஈண்டு எழும் வினா. வசதி மிக்க சமூகங்களில் இவ்வினா பெரிதாகத் தோன்றாது. வன்னிப் பெருநிலப்பரப்பில், அக்கராயனை அடுத்த ஸ்கந்தபுரம் போன்றதோர் ஊரில் வைத்து நோக்குமிடத்து அது கூர்மை பெறுகின்றது.

முதற்கண், அக்கருவிகள் மனிதனிடம் எதனை வேண்டிநின்றன என்பதை நோக்குதல் தகும். 1614இல் ஸ்கொத்லாந்தினரான ஜோன் நேப்பியர் மடக்கைகளை வெளியிட்டார். 1624இல் ஹென்றி பிரிக்ஸ் பத்தை அடியாகக் கொண்ட, பதினான்கு தசமதானங்கள் வரையிலான அட்டவணையை அளித்தார். பெருக்கலைக் கூட்டலாக மாற்றுவதே மடக்கையின் அடிப்படை. இரண்டின் மடக்கை 0.3010, மூன்றின் மடக்கை 0.4771, இரண்டையும் கூட்ட வரும் 0.7781 ஆறின் மடக்கையாகும். இத்தத்துவத்தையே அளவுச் சட்டங்களிற் பொறித்து, ஒன்றன் பக்கத்தில் ஒன்றை நகர்த்திக் கணித்தது நழுவுகோல். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அறிஞரும் பொறியியலாளரும் அதனைக் கையாண்டனர். எனினும் அக்கோல் இலக்கங்களைக் காட்டுமேயன்றித் தசமப் புள்ளியின் இடத்தைக் காட்டாது. விடை 6.2 ஆ, 62 ஆ, 620 ஆ என்பதைக் கணிப்பவனே தன் மதிப்பீட்டால் துணிதல் வேண்டும். ஆகவே விடையின் பருமனை அவன் முன்னரே உள்ளத்திற் கண்டிருந்தான். 1972இல் எச்.பி.-35 என்னும் சட்டைப்பைக் கணிகருவி வெளிவந்தது. சில ஆண்டுகளுள் நழுவுகோலின் காலம் முடிந்தது. கோலோடு, பருமனை முன்னறியும் பழக்கமும் தளர்ந்தது. ஏக்கத்தில் நியாயமான பகுதி ஒன்றுண்டெனில் அது இதுவே.

ஆயினும் ஏக்கம் எங்கே சென்று நிற்கின்றது என்பதும் நோக்கற்பாலது. மடக்கை அட்டவணைக்கு முன்னர் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எண்சுவடி இருந்தது. காணி எண்பதில் ஒன்று, முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று எனத் திண்ணைப் பள்ளிகளில் மனனஞ் செய்தோர், ஏடும் எழுத்தாணியுமின்றியே சிறு பின்னங்களைப் பெருக்கினர். அவர்கள் கண்ணுக்கு அச்சிட்ட அட்டவணையைப் புரட்டும் மாணவன் நினைவாற்றல் இழந்தவனாகவே தோன்றியிருப்பான். இன்னும் பின்னே சென்றால், எழுத்து மனிதரின் நினைவைக் கெடுக்கும் எனத் தாமுஸ் மன்னன் அஞ்சியதாகப் பிளேட்டோவின் ‘பைதுருஸ்’ கூறும். ஒவ்வொரு தலைமுறையும் தான் இளமையிற் கையாண்ட கருவியோடு தன் ஏக்கத்தை நிறுத்திக்கொள்கின்றது. அதற்கு முந்தியதற்காக எவரும் அழுவதில்லை. எனவே ஏக்கத்தின் பொருள் பெரிதும் கருவியன்று. அதனைப் பற்றியிருந்த இளங்கை என்பது தெளிவாகும்.

இவ்வுணர்ச்சியைக் குறிக்க ஐரோப்பியர் வழங்குஞ் சொல்லும் கவனிக்கத்தக்கது. 1688இல் யொஹானஸ் ஹோஃபர் என்னும் மருத்துவ மாணவர், தாயகத்தைப் பிரிந்து வாழ்ந்த சுவிற்சர்லாந்தினரிடங் கண்ட நோய்க்கு, ‘திரும்புதல்’, ‘வலி’ என்னும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்துப் பெயரிட்டார். இடத்தைப் பற்றிய அந்நோய் பின்னரே காலத்தைப் பற்றியதாயிற்று. வன்னி மக்களுக்கோ இரு பொருளும் ஒருங்கே பொருந்தும்.

1996இல் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானபோது, அங்கிருந்தும், அதற்கு முந்திய ஆண்டில் யாழ்ப்பாணத்தை விட்டு வந்தோரிலிருந்தும் பெருந்தொகையினர் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவிப் பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். மின்சாரம் இருக்கவில்லை. உலர் மின்கலங்கள் பொருளாதாரத் தடையில் அடங்கியிருந்தன, மண்ணெண்ணெய் அரிதாயிருந்தது. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது எண்ணெய் விட்டு எரித்த விளக்கே இரவின் ஒளி. இந்நிலையில் மின்கலத்தை நம்பிய கருவிகள் பயனற்றுப் போக, நூற்றாண்டுகள் பழைய மடக்கை அட்டவணையும் மனக்கணக்கும் பயன் தந்தன. உலகின் பிற பாகங்களில் அரும்பொருட்சாலைக்குச் சென்றுகொண்டிருந்த கணித்தல் முறை, இங்கே பிழைத்திருக்கும் வழியாயிற்று.

அக்காலத்திற் கற்றுத் தேறியோர் பின்னாளில் அதனைப் பெருமிதத்துடன் நினைவுகூர்தல் இயல்பே. ஆனால் அந்நினைவு, ‘எல்லாம் இருந்தும் இன்றைய பிள்ளைகளுக்கு எதுவும் வரவில்லை’ என்னும் தீர்ப்பாக மாறும்போது அறப்பிழை ஒன்று நேர்கின்றது. இல்லாமை ஆசிரியராக்கப்படுகின்றது. நினைவுகூர்வோர் தேறியவர்கள், படிப்பு இடையில் முறிந்தோர், எண்ணெய் தீர்ந்த இரவோடு பாடத்தையும் மூடியோர் ஆகியோரின் நினைவு அப்பெருமிதத்தில் இடம்பெறுவதில்லை. கரையேறியோரின் சொல்லை மட்டுங் கேட்டு வெள்ளத்தைப் புகழ்வதற்கு இது ஒப்பாகும். தேர்ச்சி மாணவனுடையதும் அவனுக்குக் கற்பித்தவருடையதுமேயன்றித் தடையின் கொடையன்று.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். நெருக்கடி இல்லையேல் திறன் பிறவாது. கணிகருவி கையில் இருக்க எவன் மனத்தால் மதிப்பிடுவான் என்பதே அது. இம்மறுப்பில் உண்மை உண்டு. இராமானுஜன் தாள் வாங்க வசதியின்றிச் சிலேற்றிற் கணித்து, முடிவை மட்டும் ஏட்டிற் குறித்தமையை இதற்குச் சான்றாகக் காட்டுவர். எனினும் அச்சான்றே மறுபக்கத்தையும் காட்டும். அவர்தம் குறிப்பேடுகளிற் பெரும்பாலான முடிவுகளுக்கு நிறுவல் இல்லை; சிலேற்றில் அழிந்த படிகளும் அதற்கொரு காரணமாகக் கூறப்படுகின்றன. அவற்றை மீள நிறுவக் கணிதவியலாளர் பல பத்தாண்டுகள் உழைக்க வேண்டியதாயிற்று. இல்லாமை ஒரு கையாற் கொடுத்ததாகத் தோன்றுவதை மறுகையால் எடுத்தும் கொள்கின்றது. எடுத்தது எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் எவரும் அறியார்.

நெருக்கடி வேண்டுமெனினும் அது புறத்திருந்து சுமத்தப்பட வேண்டுமென்பதில்லை. நோன்பிலும் வயிறு வெறுமையாகும், பட்டினியிலும் வெறுமையாகும். உணவு இருக்க ஒருவன் தானே விலக்குவது நோன்பு. உண்ண இன்றிக் கிடப்பது பட்டினி. முன்னது மனத்தைப் பயிற்றலாம். பின்னதைப் பயிற்சி என எவரும் கூறார். இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதே பழங்கருவிகள் பற்றிய ஏக்கத்தில் மறைந்திருக்கும் தவறு.

இதிலிருந்து ஓர் அளவுகோலைப் பெறலாம். பழைய வழக்கமொன்றை இன்றைய பிள்ளைக்குக் கொடுக்கும்போது அவனிடமிருந்து எதையேனும் பறிக்க வேண்டியிருக்கின்றதா என்று வினவுதல் வேண்டும். பொத்தானை அழுத்துமுன் விடையின் பருமனைச் சொல்லுமாறு கேட்கும் ஆசிரியர் எதனையும் பறிப்பதில்லை. நழுவுகோல் கற்பித்த நிதானத்தை அவர் கொடையாக்குகின்றார். துன்பம் உரமூட்டும் என்று கருவியையே மறுப்பவரோ, தாம் பட்ட தடையைத் தாமே மற்றொருவருக்கு விதிக்கின்றார்.

2008இல் போர் நெருங்க, ஸ்கந்தபுரத்து மக்களும் ஊர்விட்டுக் கிழக்கே பெயர்ந்தனர். போர் முடிந்த பின்னரே மீண்டனர். இன்று அதே கிளிநொச்சி மாவட்டத்தின் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகின்றது. அங்கே கணனியின் முன் அமரும் மாணவனுக்கு முந்திய தலைமுறை விட்டுச்செல்லக் கூடியது போத்தல் விளக்கன்று. திரையிற் தோன்றும் விடையை ஏற்குமுன், ‘இது இவ்வளவு இருக்கலாமா?’ என்று ஒரு கணம் நின்று கேட்கும் பழக்கமே அது. அப்பழக்கம் அவனுக்குக் கிட்டுமாயின், மடக்கை அட்டவணை மறைந்தமை குறித்து வருந்துதற்கு அதிகம் இல்லை.