புகை தரும் அமைதி

ஆண்டுதோறும் நவராத்திரியின்போது வேளிமலைக் குமாரசுவாமி திருவனந்தபுரத்திற்கு எழுந்தருளி, ஆரியசாலை பகவதி கோயிலில் தங்கியிருப்பது மரபு. அந்நாட்களில் தரிசனத்திற்கு வந்த வணிக அன்பர் ஒருவர் கேட்டார்: ‘சுவாமி, பீடி பிடித்தால் என் மனம் அமைதி அடைகிறது. தியானமும் அமைதிக்காகத்தானே? பிறகு ஏன் பீடியை விடச் சொல்கிறீர்கள்?’

கேரள உயர்நீதிமன்றம் 1999 ஜூலையிலேயே பொது இடங்களில் புகைபிடிப்பதற்குத் தடை விதித்தது. 2008 அக்டோபர் 2 முதல் நாடெங்கும் அத்தடை உள்ளது. ஆயினும் அன்பரின் கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை.

அவரது அனுபவம் பொய்யன்று, விசாரணைதான் போதவில்லை. இழுத்த சில விநாடிகளில் நிகோட்டின் மூளையை எட்டி இன்ப உணர்வைத் தூண்டுகிறது. அதே வேளையில் இதயம் வேகமாகத் துடிக்கிறது, இரத்த அழுத்தம் ஏறுகிறது, புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தில் பிராணவாயுவின் இடத்தைப் பிடிக்கிறது. உடல் அமைதி அடையவே இல்லை. சுமார் இரண்டு மணி நேரத்தில் நிகோட்டின் பாதியாகக் குறைய, எரிச்சலும் பரபரப்பும் எழுகின்றன. அடுத்த பீடி அவற்றைத் தணிக்கிறது. முந்தைய பீடி உண்டாக்கிய குறையை இந்தப் பீடி நிரப்புகிறது, அவ்வளவே. நம் கல்லாவிலிருந்து எடுத்த பணத்தில் சிறிதைத் திருப்பித் தருபவனை எந்த வணிகராவது வள்ளல் என்பாரா? தொடக்கத்தில் இனித்து முடிவில் நஞ்சாகும் சுகத்தைக் கீதையின் 18-ஆம் அத்தியாயம் ராஜஸம் என வகைப்படுத்துகிறது.

‘சுவாமி விவேகானந்தர் புகைபிடித்தாரே’ என்பவர்களும் உண்டு. பிடித்தார், மறைப்பதற்கில்லை. அவர் 1902-இல் மகாசமாதி அடைந்தார். புகைக்கும் நுரையீரல் புற்றுநோய்க்குமுள்ள தொடர்பைப் பெரும் ஆய்வுகள் வெளிப்படுத்தியது 1950-இல். அறிந்த பின் நமக்குள்ள பொறுப்பு வேறு.

காப்பியைப் பீடியோடு ஒன்றாக வைத்துப் பழிப்பது நியாயமன்று. ஆயினும் அதுவும் சோர்வைப் போக்குவதில்லை. சோர்வை மூளைக்கு உணர்த்தும் அடினோசின் அமர வேண்டிய இடத்தில் காஃபின் அமர்ந்துகொள்கிறது. களைப்பு இருக்கிறது, களைப்பின் செய்தி மட்டும் வருவதில்லை. காஃபின் உடலில் பாதியாகக் குறையப் பொதுவாக ஐந்து மணி நேரமாகும். விடியற்காலை ஜபத்தில் தூங்கி வழியும் அன்பர்கள் முந்தைய மாலைக் காப்பியையும் சற்று விசாரிக்கலாம்!

இவ்விரண்டுக்கும் பலர் அறியாத உறவொன்று உண்டு. புகைப்பவரின் கல்லீரல் காஃபினை மிக விரைவாக வெளியேற்றுகிறது. ஆகவேதான் அவருக்கு ஒரு டம்ளர் போதுவதில்லை. புகையை நிறுத்தியதும் அந்த வேகம் குறைகிறது. வழக்கமான காப்பியே மிகையாகி, படபடப்பும் உறக்கமின்மையும் தருகிறது. பாவம், அவர் அதைப் பீடி இல்லாத குறை என்றெண்ணி மீண்டும் பற்ற வைக்கிறார். எனவே பீடியை விடும் நாளிலிருந்தே காப்பியைப் பாதியாக்குவது நல்லது. ஏக்கம் மிகக் கடுமையாக இருப்பது முதல் வாரத்தில்; பெரும்பாலோருக்கு மூன்று நான்கு வாரங்களில் தணிந்துவிடும். நவராத்திரியின் முதல் நாள் தொடங்குபவருக்கு அந்த முதல் வாரம் விரதத்திலேயே கழிந்துவிடும்.