ஓய்வும் வழிபாடும் : நேர உரிமை குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

அன்றாட வாழ்வில் ஓய்வுக்கும் வழிபாட்டுக்கும் நேரம் ஒதுக்குவது தனிமனித ஒழுக்கமாகவே பெரும்பாலும் பேசப்படுகிறது. வைகறையில் எழுதல், வேலைகளை முறைப்படுத்தல், மனத்தை ஒருமுகப்படுத்தல் ஆகியன அதற்குரிய வழிகளாகக் கூறப்படுகின்றன. தம் நேரத்தைத் தாமே ஆளும் நிலையில் உள்ளோர்க்கு இவ்வறிவுரை பொருந்தும். தம் நேரம் பிறர் கையில் இருப்போர் எதனை ஒதுக்க இயலும் என்னும் வினாவுக்கு இதில் விடையில்லை. பம்பாய் ஆலைத் தொழிலாளர் வார விடுமுறை பெற்ற வரலாற்றின் வழி இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆலையும் ஞாயிறும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் வேலைநேரம் விடியல் முதல் அந்தி வரை நீண்டிருந்தது. 1881ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சிறுவர்களின் வேலைநேரத்துக்கு மட்டுமே வரம்பு வகுத்தது. 1884இல் நாராயண் மேகாஜி லோகண்டே தொழிலாளர்களைத் திரட்டி, ஞாயிறுதோறும் விடுமுறை, நண்பகலில் அரைமணி நேர இடைவேளை முதலிய கோரிக்கைகளை முன்வைத்தார். 1890 ஜூன் 10இல் ஆலை உரிமையாளர்கள் ஞாயிறு விடுமுறைக்கு இசைந்தனர். 1891ஆம் ஆண்டுச் சட்டம் வார விடுமுறைக்கு இடமளித்தது.

ஞாயிறு ஆங்கில ஆட்சியாளரின் வழிபாட்டு நாள். மராட்டிய உழைக்கும் மக்களுக்கோ அது ஜேஜுரியில் கோயில் கொண்டுள்ள கண்டோபாவுக்கு உரிய நாள். இதனை லோகண்டே தம் கோரிக்கைக்குத் துணையாகக் கொண்டார்.

வழிபாடு காரணமா, கருவியா?

இங்கு ஓர் ஐயம் எழலாம். ஓய்வு பெறுவதற்கு வழிபாடு ஒரு சாக்காகப் பயன்பட்டதா என்பதே அது. லோகண்டே, ஜோதிராவ் புலே 1873இல் நிறுவிய சத்தியசோதக் சமாஜத்தைச் சார்ந்தவர். இறைவனுக்கும் மனிதனுக்கும் இடையே புரோகிதர் தேவையில்லை என்பது அவ்வமைப்பின் கொள்கை. இக்கொள்கையை நேரத்தோடு பொருத்திப் பார்த்தால் ஒரு கருத்துப் புலப்படும். வழிபாட்டைப் பிறர் நமக்காகச் செய்துவிடலாம் எனில், உழைப்பவனுக்கு அதற்கெனத் தனிநேரம் வேண்டியதில்லை. அவனே செய்தாக வேண்டும் எனில், அவனுக்கே உரிய பொழுது வேண்டும். ஆகவே இவ்விரண்டையும் காரணம், கருவி எனப் பிரித்தல் எளிதன்று.

மேலும், களைப்பு நீங்கினால் வேலை பெருகும் என்று கூறி அளிக்கப்படும் ஓய்வு, உற்பத்திக் கணக்கின் ஒரு பகுதியே ஆகும். வேலை பெருகாது என்று தெரிந்தால் அது திரும்பப் பெறப்படலாம். இறைவனுக்கு உரிய நாள் என்னும் கருத்தோ அந்நாளை அக்கணக்குக்கு வெளியே நிறுத்துகிறது.

ஓய்வின் எல்லை

விவிலியத்தின் உபாகமம் ஓய்வுநாள் கட்டளையை வீட்டுத் தலைவனோடு நிறுத்தவில்லை. வேலைக்காரர், வேலைக்காரிகள், அயலார், கால்நடைகள் ஆகியோர்க்கும் அதனை விரிக்கிறது. எகிப்தில் அடிமைகளாக இருந்ததை நினைவுகூரச் செய்து அதற்குக் காரணமும் காட்டுகிறது. பிறரை உழைக்கவிட்டுத் தான் மட்டும் ஓய்தல் இக்கட்டளைக்கு முரணானது.

இவ்வளவுகோலை இன்றைய இல்லத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம். குடும்பத்தினர் அனைவரும் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமையே பல இல்லத்தரசியர்க்குச் சமையல் மிகுந்த நாளாகிறது. திருநாள் வழிபாட்டுக்கான படையலைச் சமைப்பவர், வழிபாடு முடியும் வரை அடுக்களையை விட்டு வெளிவர இயலாத நிலையும் உண்டு. மருத்துவமனை, போக்குவரத்து போன்ற பணிகள் எந்நாளிலும் நிற்க இயலாதவை. அவற்றில் ஈடுபடுவோர்க்கு மாற்றுநாள் அளிப்பது கருணை அன்று, கடமை.

முடிவுரை

மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது என்னும் வழக்குகளில் ‘ஓய்தல்’ என்பது நின்றுபோதலைக் குறிக்கும். வேலை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறுவது மட்டுமே நிகழுமானால், அங்கு ஓய்வு நிகழவில்லை. ஓய்வுக்கும் வழிபாட்டுக்கும் நேரம் தேடுவோர் தம் நாட்குறிப்பைத் திருத்துவதோடு, தம்மைச் சார்ந்து உழைப்போரின் நேரத்தையும் விடுவித்தல் வேண்டும். அவ்வாறு விடுவிக்கப்படும் பொழுதே அனைவர்க்கும் உரிய வழிபாட்டுப் பொழுதாக அமையும்.